வாசகர் கேள்வி – பதில்: மரத்தடியில் ஒரு பாலர் வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், முன்பு பால்மரமும் (ரப்பர்) இப்போது செம்பனையும் சூழ்ந்து நிற்கும் எங்கள் சிற்றூரின் பூங்காவில், நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் காலையில் திறந்தவெளிப் பாலர் வகுப்பு நடைபெற்று வருவதையும், பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான் அதற்குத் துணை நிற்பதையும் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆர்வத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. பிள்ளையின் மீதுள்ள அக்கறையில் பிறக்கும் அச்சத்திற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பூங்கா வகுப்பில் சேர்த்தால் அவள் முதலாம் ஆண்டுக்குச் செல்லும்போது எழுத்தும் எண்ணும் தெரியாமல் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்தங்கிவிடுவாளோ என்று அஞ்சுகிறேன். என் பக்கத்து வீட்டுப் பிள்ளை இப்போதே மூன்று மொழிகளில் எழுதுகிறாள். – ஒரு தாய்

பதில்: சகோதரி, முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தைக் கற்பிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து வந்துவிடாது. மரத்தடியில் உட்கார்ந்தால் மட்டும் உயிரெழுத்து பன்னிரண்டும் மனத்தில் பதிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. எங்கள் வகுப்பு வாரத்தில் மூன்று நாள் மட்டுமே பூங்காவில் நடைபெறுகிறது. மற்ற இரண்டு நாளும் பிள்ளைகள் அறைக்குள் அமர்ந்து எழுதுகிறார்கள், வாசிக்கிறார்கள்.

ஆனால் எழுதுவதற்கு விரல் மட்டும் போதாது என்பதை முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் பென்சில் பிடியைப் பார்த்த நான் அறிவேன். தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிறு பொருளைப் பிடிக்கப் பழக வேண்டும். கிளையைப் பற்றித் தொங்கும் பிள்ளைக்கும், புல்லுக்குள் கிடக்கும் மஞ்சாடி விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் பிள்ளைக்கும் அந்தப் பயிற்சி தானாகவே கிடைத்துவிடுகிறது. பொறுக்கிய விதைகளைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும்போது கணிதமும், ஈர மண்ணில் குச்சியால் 'அ' எழுதும்போது எழுத்தும் வந்து சேர்கின்றன. மணலில் விரலால் எழுதிப் பழகுவது நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்த வழக்கம்தானே.

நம் நாட்டின் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டின் வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. உடல் வளர்ச்சியையும் அறிவியலையும் மொழியோடு ஒப்ப வைத்துப் பேசுகிறது. ஆகவே பூங்காவிற்குச் செல்லும் ஆசிரியை பாடத்திட்டத்தை விட்டு விலகிச் செல்லவில்லை. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்றில், பதினொரு வயதாகும்போது இரு சாராரின் வாசிப்புத் திறனிலும் வேறுபாடு காணப்படவில்லை. அது ஆங்கிலத்தில் நடந்த ஆய்வு. மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க நான் துணிய மாட்டேன். ஆயினும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நீங்கள் உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு அது போதும்.

கேள்வி: நான் நாற்பது ஆண்டு பால் வெட்டியவள். என் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். என் பேரப்பிள்ளையாவது விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்து படிக்கட்டும் என்றுதான் அத்தனை பாடும் பட்டோம். மறுபடியும் மண்ணிலும் மரத்தடியிலும் கொண்டுபோய் உட்கார வைப்பதா படிப்பு? – ஒரு பாட்டி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். நானும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்திற்கு, புறப்படும் என் தாயார், உறக்கம் கலையாத என்னைத் தோளில் போட்டுக்கொண்டு சென்று கொட்டகையில் விட்டுவிட்டு, மர வரிசையான நிரையெல்லாம் வெட்டி, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்த பிறகு நண்பகலில்தான் திரும்புவார். ஒரே ஓர் ஆயா, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் ஏணைகள், தகரக் குவளையில் பால். அந்த ஆயா எங்களுள் எவரும் கால்வாயில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டதே பெரிய காரியம். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க எவருக்கும் உரிமையில்லை.

அங்கே எங்களுக்கு மண்ணும் மரமும் காற்றும் குறைவில்லாமல் கிடைத்தன. ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைத்துவிட்டு ஓடுவோம். அது ஏன் சுடுகிறது என்று எங்களைக் கேட்பதற்கும், நாங்கள் கேட்டால் காது கொடுப்பதற்கும் ஆளில்லை. வெயில் காலத்தில் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தம் கேட்டுச் சிரிப்போம். காய்ந்த ஓடு முறுக்கேறித்தான் வெடிக்கிறது என்பதை நான் அறிந்தபோது எனக்கு இருபது வயது கடந்துவிட்டது. எங்களை வெளியில் விட்டிருந்தார்கள், அம்மா. எங்களுக்கு வெளியில் கற்பிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள தொலைவைத்தான் எங்கள் வகுப்பு கடக்க முயல்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை, நான், முறை வைத்து வரும் ஒரு தாய் என மூவர் இருக்கிறோம். விதையைத் தேய்க்கும் பிள்ளையின் அருகில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, 'இன்னும் வேகமாகத் தேய்த்தால் என்னவாகும்?' என்று கேட்க முடிகிறது.

பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்ன காலத்திலிருந்து, தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு கூரையும் ஒரு பலகையும் கிடைப்பதற்கு உங்கள் தலைமுறையும் அதற்கு முந்தைய தலைமுறையும் பட்ட பாடு சிறிதன்று. அந்தக் கூரையை நாங்கள் கைவிடவில்லை. இங்கிலாந்தில், 1914-ஆம் ஆண்டு, இலண்டனின் டெப்ட்ஃபோர்டு என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் மார்கரெட் மெக்மில்லனும் அவருடைய தமக்கை ரேச்சலும் திறந்தவெளிப் பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். நெருக்கடியான வீடுகளில் நோயோடு வாடிய பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் தோட்டமும் மருந்தாகும் என்பதே அவர்களின் எண்ணம். நம் பேரப்பிள்ளைகளும் இன்று லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்து, மூன்றாம் மாடியில் கைப்பேசியோடு அடைந்து கிடக்கிறார்கள் என்பதை நீங்கள் அறியாதவரல்லர்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நாள் காலை எங்களோடு வந்து உட்காருங்கள். பூங்காவின் பின்புற வேலியோரம் பழைய பால்மரங்கள் இரண்டு நிற்கின்றன. கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், அதற்குமேல் போனால் மரம் ஏன் புண்படுகிறது, விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போது பால் எப்படி ஓடுகிறது, வெயில் ஏறினால் ஏன் நின்றுவிடுகிறது என்பதையெல்லாம் இவ்வூரில் எந்த ஆசிரியையும் உங்களைப்போல் சொல்லித்தர முடியாது. நாற்பது ஆண்டு உழைப்பில் நீங்கள் கற்றதை உங்கள் பேரன் பாடமாகக் கேட்கட்டும்.

கேள்வி: டிங்கிக் காய்ச்சல், பாம்பு, வெயில், எலி மூத்திரத்தால் வரும் நோய் என்று செய்தியில் நாள்தோறும் படிக்கிறோம். இவ்வளவுக்கும் நடுவே பிள்ளையை வெளியே அனுப்புவது பொறுப்பான செயலா? – ஒரு தந்தை

பதில்: ஐயா, நீங்கள் எழுதியவற்றில் கற்பனை ஒன்றுமில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் பகலில் கடிப்பவை. காலையிலும், பொழுது சாய்வதற்கு முந்தைய நேரத்திலும் அவற்றின் கடி மிகுதி. இரண்டு வகை ஏடிஸில் ஒன்று செடிகொடிகளுக்கிடையே வாழ்வதையே விரும்புவது. ஆகவே, காலை வகுப்பில் கொசுவே வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும் அணிந்து வருகிறார்கள். டீட் அல்லது இக்காரிடின் கலந்த கொசு விரட்டியைப் பெரியவர்கள் தம் கையில் எடுத்துப் பூசிவிடுகிறோம். பிள்ளையின் உள்ளங்கையில் படவிடுவதில்லை, கண்ணையும் வாயையும் தேய்த்துவிடுவார்கள். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரத்தின் முதல் வகுப்பு எப்போதும் 'தண்ணீர் தேடும்' வகுப்பு: தேங்காய்ச் சிரட்டை, மரப்பொந்து, நெகிழிக் குவளை எனத் தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களைப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்ல, நாங்கள் கவிழ்த்துவிடுகிறோம். புழு நெளிவதைக் கண்ணாடிக் குப்பியில் பார்த்த பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பூச்சட்டித் தட்டையும் பரிசோதிக்கிறார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.

எலிக்காய்ச்சல் தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து தோலின் காயம் வழியாக நுழைவது. மழைக்குப் பிறகு குட்டையில் வெறுங்காலோடு இறங்க விடுவதில்லை. காலில் புண்ணிருந்தால் மூடிக் கட்டி ரப்பர் பூட்ஸ் அணிந்துதான் வர வேண்டும். உணவுக்கு முன் சவர்க்காரமிட்டுக் கை கழுவாமல் எவரும் பலகாரத்தைத் தொடக்கூடாது. பாம்பைப் பொறுத்தவரை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஆசிரியை நீண்ட குச்சியோடு இடம் முழுவதும் ஒரு சுற்று நடந்துவிடுவார். கடித்துவிட்டால் கீறவும் உறிஞ்சவும் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதைத் துணைக்கு வரும் தாய்மார் அனைவரும் அறிந்திருக்கிறார்கள். குரங்குகள் பறித்துவிடும் என்பதால் உணவை நெகிழிப் பையில் வெளியே தெரியும்படி வைப்பதில்லை.

வெயிலையும் புகைமூட்டத்தையும் எண்கள் சொல்லிவிடும். ஒரு வட்டாரத்தில் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாளேனும் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை இருந்தால் வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அந்த எச்சரிக்கை வந்தால் நாங்கள் அறைக்குத் திரும்பிவிடுகிறோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படியே. இடி கேட்டால் ஒரு நொடியும் தாமதியாமல் மண்டபத்திற்குள் செல்கிறோம், கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வருவதில்லை. மழைக்கு மரத்தடியில் ஒதுங்கும் பழக்கத்தை மட்டும் பிள்ளைகளிடமிருந்து முதல் நாளே எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: இது வெளிநாட்டு வசதி படைத்தவர்களின் நாகரிகம் என்கிறார்கள். உண்மையா? – ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பதில்: பிள்ளைகளைக் காட்டிலேயே வைத்து வளர்க்கும் பாலர் பள்ளிகள் டென்மார்க்கில் 1950-களின் தொடக்கத்தில் தோன்றியவை, எல்லா ஃபிளாட்டாவ் என்ற தாய் தம் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் காட்டுக்கு அழைத்துச் சென்றதே தொடக்கம். ஜெர்மனியில் 1993-ஆம் ஆண்டு ஃபிளென்ஸ்பர்க் நகரில் அத்தகைய பள்ளிக்கு அரசு ஏற்பு கிடைத்த பிறகு அங்கே வேகமாகப் பரவியது. அதற்கு வெகு முன்பே, 1901-ஆம் ஆண்டில் தாகூர் சாந்திநிகேதனில் மரத்தடியில் பிள்ளைகளை அமர்த்திவிட்டார். பாலர் பள்ளிக்கு 1840-ஆம் ஆண்டில் பெயர் சூட்டிய ஃபுரோபெல் அதைப் 'பிள்ளைகளின் தோட்டம்' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைத்தார். நம் நாட்டில் நாம் அன்றாடம் சொல்லும் 'தாடிகா' என்பதும் 'தாமான்' என்று தொடங்கும் மலாய்த் தொடரின் சுருக்கமே. தாமான் என்றால் பூங்கா. பெயரில் பூங்காவை வைத்துக்கொண்டுதான் கடைவீட்டு மாடியில் சன்னலைச் சாத்தி வகுப்பு நடத்துகிறோம்.

கேள்வி: மூக்குக் கண்ணாடி அணியும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். வெளியில் இருப்பதால் கண்ணுக்கு நன்மை உண்டா? – ஒரு தாய்

பதில்: உண்டு, இதற்குத் தெளிவான சான்றும் உண்டு. சீனாவின் குவாங்சோவில் பன்னிரண்டு பள்ளிகளில் மூன்றாண்டு நடைபெற்று 2015-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு பள்ளி நாளிலும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் வகுப்பு நடத்தப்பட்ட பிள்ளைகளுள் 30.4 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் பயின்றவர்களுள் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை ஏற்பட்டது. வகுப்பறையின் வெளிச்சத்தைவிட மர நிழலின் வெளிச்சம் பல மடங்கு மிகுதி என்பதால் நேர் வெயிலில் நிற்க வேண்டிய தேவையில்லை. ஏற்கெனவே கண்ணாடி அணிந்த பிள்ளைக்கு அது கழன்றுவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: நானும் என் பாலர் வகுப்பைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆனால் மரங்களின் பெயரோ பறவைகளின் பெயரோ எனக்கே தமிழில் தெரியாது. எப்படித் தொடங்குவது? – ஒரு பாலர் பள்ளி ஆசிரியை

பதில்: தங்கையே, பெயர் தெரியாதது தடையாகாது; பெயரைத் தேடும் ஆசிரியையைப் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். பூங்கா மாவட்ட மன்றத்தின் பொறுப்பிலோ நகராண்மைக் கழகத்தின் பொறுப்பிலோ இருக்கும்; முதலில் அங்கே எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள், பெற்றோரிடமும் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். பிறகு ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அதே மரத்தடிக்குச் செல்லுங்கள். வாரம் ஓர் இடத்திற்குச் சென்றால் அது சுற்றுலா. ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்பச் செல்லும்போதுதான் சென்ற வாரம் இருந்த பூ இன்று காயாகியிருப்பதைப் பிள்ளை காண்கிறது.

எங்கள் மரம் தூங்குமூஞ்சி. தைப்பிங் ஏரிப் பூங்காவின் சாலையோரம் நீரைத் தொடுமளவு வளைந்து நிற்பவையும் இவ்வகை மரங்கள்தாம். ஈயம் தோண்டி விட்ட நிலத்தில் 1880-ஆம் ஆண்டில் உருவான அப்பூங்காவை உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டுங்கள். மாலையில் இதன் இலைகள் கூம்புவதால் நாம் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். தொட்டால் சுருங்கும் செடியை நாம் தொட்டாற்சிணுங்கி என்று சிணுங்க வைக்கிறோம். மலாயில் அது 'செமாலு', வெட்கப்படுவது. ஒரு செடி சிணுங்குகிறதா வெட்கப்படுகிறதா என்று எங்கள் ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரு காலை முழுவதும் வாதாடினார்கள். இரண்டு மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பாடத்தை அந்த வயதில் வேறு எவ்வாறு நடத்த முடியும்?

பெயர்களைவிட வினைகள் முக்கியம் என்பது என் எண்ணம். இலை உதிர்கிறது, காய்ந்தது நொறுங்குகிறது, பாசி வழுக்குகிறது, பட்டையில் பால் கசிகிறது. இந்தச் சொற்களைப் படத்தைக் காட்டிக் கற்பிப்பது கடினம். மழையை எடுத்துக்கொள்ளுங்கள்: தூறல், சாரல், அடைமழை என்று மண்டபத்தின் ஓரத்தில் நின்று கையை நீட்டித் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அவை மறப்பதில்லை. மணலில் வீடு கட்டி விளையாடுவதற்குச் சிற்றில் என்று ஓர் அழகிய சொல் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் அதற்கென ஒரு பருவமே உண்டு. எங்கள் பிள்ளைகள் இப்போது 'டீச்சர், சிற்றில் கட்டலாமா?' என்றுதான் கேட்கிறார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கற்றுக்கொண்டு செல்லுங்கள். முழுவதும் சிவந்த மஞ்சாடி விதையைப் பொறுக்கி விளையாடலாம், விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைப்போலவே தோன்றி, ஒரு முனையில் கறுத்திருக்கும் குன்றிமணி கொடிய நஞ்சு. அரளியும் அப்படியே. ரப்பர் விதையையும் வாயில் வைக்க விடக்கூடாது. கெரெங்கா என்று நாம் சொல்லும் முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கட்டிய கூட்டை மூன்றடி தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. தம் புழுக்கள் சுரக்கும் இழையைக் கொண்டு அவை இலைகளை ஒட்டுகின்றன என்று சொன்னால் பிள்ளைகள் தாமாகவே அசையாமல் நிற்பார்கள்.

கேள்வி: நானும் என் கணவரும் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். வார நாள்களில் என் மகனைப் பூங்கா வகுப்பிற்கு அழைத்துவர இயலாது. சனிக்கிழமை மட்டும் நாங்களே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? – ஒரு தாய்

பதில்: நிச்சயமாக உண்டு. உங்கள் அடுக்குமாடிக்கு அருகில் ஒரு மரத்தை உங்கள் மகனே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு அங்கே சென்று ஒரு மணி நேரம் இருங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். எதையும் கற்பிக்க முயல வேண்டாம். அவன் குனிந்தால் நீங்களும் குனிந்து பாருங்கள், அவன் கேட்டதற்கு விடை தெரியாவிட்டால் கேள்வியை ஒரு தாளில் எழுதிவைத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு துணிப்பை, ஒரு குப்பி தண்ணீர், மாற்றுச் சட்டை, கொசு விரட்டி ஆகியவை போதும். வரும் சனிக்கிழமை தூறலாக இருந்தாலும் இடி இல்லையென்றால் குடை பிடித்துச் செல்லுங்கள்; தூங்குமூஞ்சியாக இருந்தால் இலைகள் மூடியிருக்கின்றனவா என்று அவனே பார்த்துச் சொல்லட்டும்.